கிறிஸ்துமஸ் முடிஞ்சாச்சு... சம்பளத்துக்கு இன்னும் 11 நாள்: கையில் இருக்கும் பணத்தில் வீட்டை ஓட்டுவது எப்படி?

டிசம்பர் 27. வாசலில் ஸ்டார் இன்னும் தொங்குது. டப்பாவில் அச்சுமுறுக்கு பாதி மிச்சம் இருக்கு. ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் கிளம்பியாச்சு. போனை எடுத்து பேங்க் பேலன்ஸ் பார்த்தால்தான் பக்குனு இருக்கு. சம்பளம் வரப்போவது ஜனவரி 7. நடுவில் புத்தாண்டு வேறு.

தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மாவட்டங்களில் மட்டுமல்ல, சென்னை வரைக்கும் பல வீடுகளில் இந்த வாரத்தின் நிலவரம் இதுதான். பண்டிகையைக் கொண்டாடியது தப்பில்லை. ஆனால் இந்த 11 நாட்களைச் சமாளிக்க எடுக்கிற அவசர முடிவுதான் பல குடும்பங்களை மாதக்கணக்கில் இழுத்துவிடுகிறது. 11 நாள் பற்றாக்குறைக்கு 100 நாள் கடன் வாங்காமல் தப்பிப்பது எப்படி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏன் இந்த மாசம் மட்டும் இவ்வளவு இறுக்கம்?

முதல் காரணம் போனஸ். தமிழ்நாட்டில் பெரும்பாலான நிறுவனங்கள் போனஸை தீபாவளியையொட்டித்தான் கொடுக்கின்றன. கிறிஸ்துமஸ் கொண்டாடும் குடும்பங்களுக்கு டிசம்பர் வரும்போது அந்தப் பணம் கரைந்திருக்கும். துணி, கேக், பலகாரம், கறி எல்லாமே டிசம்பர் மாதச் சம்பளச் செலவில்தான் ஏறும்.

இரண்டாவது காரணம் பலர் கவனிக்காதது: அரையாண்டு விடுமுறை. அரசுப் பள்ளியில் படிக்கும் குழந்தைக்கு மதிய உணவு பள்ளியில் கிடைக்கிறது, முட்டையோடு. தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் இருக்கிறது. லீவு விட்டதும் அந்த இரண்டு வேளையும் வீட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும். இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு நாளைக்கு 4 சாப்பாடு கூடுதல். அதோடு "அம்மா, ஏதாவது திங்க இருக்கா?" வேற.

மூன்றாவது, சம்பளத் தேதி. அரசு ஊழியர்களுக்கு மாதக் கடைசியிலேயே வந்துவிடும். தனியார் நிறுவனங்களில் 1, 5, 7, 10 என்று ஆளுக்கொரு தேதி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

முதல் வேலை: ஒரு பேப்பர், ஒரு பேனா

செலவைக் குறைக்கிறதுக்கு முன்னாடி, எவ்வளவு இருக்குன்னு தெரியணும். பேங்க், பர்ஸ், பீரோ, குழந்தைக்கு வந்த அன்பளிப்புக் கவர் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுங்கள். கிரெடிட் கார்டு லிமிட்டை இதில் சேர்க்காதீர்கள். அது உங்க பணம் கிடையாது.

ஒரு உதாரணக் கணக்கு பார்ப்போம். கணவன், மனைவி, 2 பிள்ளைகள், கூடவே தாத்தா. டிசம்பர் 27 காலையில் மொத்தம் கையில் இருப்பது 6,800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

தள்ளவே முடியாத செலவுகள்:
ஜனவரி 5-ல் பிடிக்கப்படும் வண்டி இ.எம்.ஐ: 1,850
கரண்ட் பில்: 640
தாத்தாவின் பிரஷர் மாத்திரை: 450
வேலைக்குப் போக பெட்ரோல்: 600
மொத்தம்: 3,540 ரூபாய்

மீதி 3,260. அதில் 400 ரூபாயைத் தனியாக ஒரு கவரில் போட்டு மூடிவிடுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல், வண்டி பஞ்சர் மாதிரி அவசரத்துக்கு மட்டும். இப்போது 2,860 ரூபாய் இருக்கிறது. டிசம்பர் 27 முதல் ஜனவரி 6 வரை 11 நாட்கள். வகுத்தால் ஒரு நாளைக்கு 260 ரூபாய்.

இந்த ஒரு எண்தான் முக்கியம். 6,800 இருக்கே என்று நினைத்தால் கை தாராளமாகப் போகும். 260 என்று தெரிந்தால், பேக்கரி வாசலில் வண்டியை நிறுத்தும்போதே மனசு கணக்குப் போடும்.

பால் 50, காய்கறி 70, முட்டை அல்லது மீன் 60, சில்லறைச் செலவு 40 என்று பிரித்தால் 220 ஆகிறது. தினமும் 40 மிச்சம். 11 நாளைக்கு 440. புத்தாண்டு அன்று வீட்டிலேயே கோழிக் குழம்பு வைக்க அது போதும். எல்லாத்தையும் வெட்டிட்டு உட்காருவது நாலு நாளைக்கு மேல் தாங்காது. அதனால் அந்த ஒரு நாளுக்கும் கணக்கில் இடம் விடுங்கள்.

அரிசி, பருப்பு, எண்ணெய் இந்தக் கணக்கில் எங்கே என்று கேட்கிறீர்களா? அதற்குத்தான் அடுத்து வருகிறோம்.

ரேஷன்: இந்த 11 நாளில் இரண்டு மாத ஒதுக்கீடு

மாதம் மாறும் நேரம் என்பதால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. டிசம்பர் மாதப் பொருள் இன்னும் வாங்காமல் இருந்தால் 31-ம் தேதிக்குள் வாங்கலாம். ஜனவரி பிறந்ததும் அந்த மாத ஒதுக்கீடு தொடங்கிவிடும். பண்டிகைப் பரபரப்பில் பலர் டிசம்பர் பருப்பையும் பாமாயிலையும் வாங்காமல் விட்டிருப்பார்கள். முதலில் அதைப் பாருங்கள்.

அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். 2011 ஜூன் முதல் இதுதான் நடைமுறை. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை பெரும்பாலான அட்டைகளுக்கு கிலோ 25 ரூபாய். வெளிச்சந்தையில் பருப்புக்கும் எண்ணெய்க்கும் இதைவிடப் பல மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு கிலோ பருப்பும் ஒரு லிட்டர் எண்ணெயும் ரேஷனில் எடுத்தாலே நல்ல தொகை மிச்சம்.

ரேஷன் அரிசியைச் சோறாகச் சாப்பிடத் தயக்கமா? இட்லி, தோசை மாவுக்கு அதைப் போடுங்கள். கடையில் மாவு பாக்கெட் வாங்கும் பழக்கத்தை இந்த 11 நாளைக்கு நிறுத்தினாலே வித்தியாசம் தெரியும். கடையில் பொருள் தர மறுத்தாலோ, வாங்காத பொருளுக்கு வாங்கியதாக மெசேஜ் வந்தாலோ 1967 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

பொங்கல் பரிசுத் தொகையை நம்பலாமா? அறிவிப்பு வரும்வரை கணக்கில் சேர்க்காதீர்கள். 2021-ல் 2,500 ரூபாய் கொடுத்தார்கள். 2024-ல் 1,000 ரூபாய். 2025-ல் பச்சரிசி, சர்க்கரை, கரும்பு மட்டும்தான், ரொக்கம் இல்லை. ஆண்டுக்கு ஆண்டு மாறும் பணத்தை நம்பிக் கடன் வாங்குவது ஆபத்து.

எதைத் தள்ளலாம்? எதைத் தள்ளவே கூடாது?

இ.எம்.ஐ: தள்ளக் கூடாது. ஜனவரி 1 விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை பேங்க் லீவு, அதனால் பணம் பிடிக்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். 2021 ஆகஸ்ட் 1 முதல் ஆட்டோ டெபிட் நடக்கும் 'நாச்' முறை எல்லா நாளும் இயங்குகிறது. கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் உங்கள் பேங்க் ஒரு அபராதம், கடன் கொடுத்த நிறுவனம் ஒரு அபராதம், மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. சிபில் ஸ்கோரும் அடிவாங்கும். அதனால் இ.எம்.ஐ பணத்தை, அது பிடிக்கப்படும் கணக்கில் அப்படியே விட்டுவிட்டு, தினச் செலவை வேறு கணக்கிலோ ரொக்கமாகவோ வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் 7-ம் தேதி, இ.எம்.ஐ 5-ம் தேதி என்றால் அது ஒவ்வொரு மாதமும் தலைவலிதான். தேதியை 10-க்கு மாற்ற முடியுமா என்று கடன் கொடுத்த நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் மாற்றித் தருவார்கள்.

மாத்திரை: தள்ளக் கூடாது. பிரஷர், சுகர் மாத்திரையை "ஒரு வாரம்தானே" என்று விடுவது பெரிய செலவில் கொண்டுபோய் விடும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் கொடுக்கிறார்கள். வெளியே வாங்கினால் முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் இரண்டிலும் அதே மருந்தின் ஜெனரிக் வகை விலை குறைவு. டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

கரண்ட் பில்: கடைசித் தேதியைப் பாருங்கள். ஜனவரி 7-க்குப் பிறகு என்றால் தாராளமாகத் தள்ளலாம். அபராதம் கிடையாது. முன்னாடியே கட்டுவதால் இந்த வாரம் லாபம் எதுவும் இல்லை.

ஸ்டாரைப் போட்டதால் பில் எகிறுமோ என்ற பயம் வேண்டாம். 9 வாட் எல்.இ.டி பல்பை தினமும் 6 மணி நேரம், 30 நாள் எரித்தாலும் இரண்டு யூனிட்கூட வராது. பனிக்குளிருக்காகப் போடும் கீசர்தான் கில்லாடி. 2,000 வாட் ஹீட்டர் அரை மணி நேரம் ஓடினாலே 1 யூனிட். தினமும் ஓடினால் இரண்டு மாத பில்லில் 60 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் முதல் 100 யூனிட்டில் பாதிக்கு மேல் வெந்நீருக்கே போய்விடும்.

மொபைல் ரீசார்ஜ்: வீட்டில் 3 போன் இருந்தால் மூன்றுக்கும் டேட்டா பேக் தேவையா? தாத்தாவிடம் பட்டன் போன்தான் இருக்கு என்றால், பேசவும் மெசேஜ் அனுப்பவும் மட்டும் உள்ள பேக் போதும். அப்படி ஒரு பேக் கட்டாயம் இருக்க வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரிலேயே விதி கொண்டுவந்தது. கடைக்காரர் சொல்லாவிட்டாலும் நீங்க கேளுங்க.

ஓ.டி.டி சந்தா: யு.பி.ஐ ஆப்பில் 'ஆட்டோபே' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். லீவில் பிள்ளைகள் படம் பார்க்க எடுத்த 'ஒரு ரூபாய் ட்ரையல்' அங்கே உட்கார்ந்திருக்கலாம். பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பு மெசேஜ் வரும். அதைப் படிக்காமல் தள்ளிவிடுவதுதான் பிரச்னை.

வாடகை: தாமதமாகும் என்றால் 5-ம் தேதி வீட்டுக்காரர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே சொல்லிவிடுங்கள். "இந்த மாசம் 8-ம் தேதி தந்துடுறேன்" என்று முன்கூட்டியே சொன்ன வார்த்தைக்கு இருக்கும் மரியாதை, தேதி தாண்டிச் சொல்லும் சாக்குக்கு இருக்காது.

அடுப்படியில் செய்ய வேண்டியது

முதல் 3 நாள், கடைக்குப் போகாமல் வீட்டில் இருப்பதைத் தீருங்கள். முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, அதிரசம் எல்லாம் காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் புத்தாண்டு வரை மாலை டீக்குத் தாங்கும். மிச்சக் கேக்கை முதலில் தீருங்கள், அது சீக்கிரம் கெட்டுவிடும். கேக்குக்கு வாங்கிய மைதா, சர்க்கரை மீதி இருந்தால் பிள்ளைகளுக்கு ஒரு நாள் இனிப்புப் பணியாரம் ஆச்சு.

மீன் வாங்கப் போகிறீர்களா? பண்டிகையையொட்டி மீனவர்கள் பலர் கடலுக்குப் போகாத நாட்கள் இவை. வரத்து குறைந்தால் விலை ஏறும். வஞ்சிரம், பாறை பக்கம் போகாமல் சாளை, நெத்திலி பாருங்கள். கருவாடு இருந்தால் இன்னும் நல்லது. முட்டை விலையும் கேக் சீசனில் கூடுவது வழக்கம். இருந்தாலும் புரதத்துக்கு இதைவிட மலிவான வழி குறைவு. பிள்ளைகளின் பால், முட்டையில் மட்டும் கை வைக்காதீர்கள். பள்ளியில் கிடைத்த முட்டையும் இப்போது கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

காய்கறியில், பனிக்காலத்தில் வரத்து குறையும் முருங்கைக்காயைத் தை மாதம் தாண்டும்வரை மறந்துவிடலாம். முள்ளங்கி, முட்டைக்கோஸ், பூசணி, கீரை இப்போது நன்றாகக் கிடைக்கும். பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால் அங்கே போங்கள். 1999-ல் மதுரையில் தொடங்கிய இந்தச் சந்தைகளில் இடைத்தரகர் இல்லாமல் விவசாயிகளே விற்கிறார்கள். காலையில் தரம் நன்றாக இருக்கும், மூடும் நேரத்தில் விலை இறங்கும். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் போய்வரச் செலவும் இல்லை.

வேலைக்காக வெளியூரில் தனியாகத் தங்கியிருப்பவர்கள் அம்மா உணவகத்தை மறந்துவிடக் கூடாது. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். 2013-ல் தொடங்கியபோது வைத்த விலை அது. ஹோட்டலில் ஒரு வேளைக்குக் கொடுக்கும் பணத்தில் அங்கே சில நாட்கள் சாப்பிடலாம்.

ஸ்கேன் பண்ணும்போது வலிக்காது

பத்து ரூபாய் டீ, இருபது ரூபாய் வடை, முப்பது ரூபாய் ஜூஸ். யு.பி.ஐ-யில் போகும்போது தெரியவே தெரியாது. மாதக் கடைசியில் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தால்தான் தலை சுற்றும்.

இதற்கு ஒரு எளிய வழி 'யு.பி.ஐ லைட்'. இது உங்கள் யு.பி.ஐ ஆப்பிலேயே இருக்கும் சின்ன பர்ஸ். அதிகபட்சம் 5,000 ரூபாய் வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை அனுப்பலாம். 3 நாளைக்கு ஒருமுறை 780 ரூபாயை, அதாவது 260-ஐ மூன்றால் பெருக்கி, அதில் ஏற்றுங்கள். தானாகவே நிரப்பிக்கொள்ளும் வசதியை மட்டும் அணைத்து வையுங்கள். பர்ஸ் காலியானால் அடுத்த தவணை வரை நிறுத்தம். போனே வேண்டாம் என்றால், நம்ம பாட்டிமார் செய்த மாதிரி 11 கவரில் ஆளுக்கு 260 போட்டு வைத்தாலும் அதே பலன்தான்.

கடன் வாங்கியே ஆகணும்னா?

இங்கேதான் கவனம் தேவை. கணக்குப் போட்டும் பணம் போதவில்லை, 5,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். யாரிடம் வாங்கினால் எவ்வளவு செலவு?

அலுவலக அட்வான்ஸ்: பெரும்பாலும் வட்டி இல்லை. கேட்கக் கூச்சம்தான். "சார், இந்த மாசம் மட்டும் ஒரு 5,000 அட்வான்ஸ் கிடைக்குமா? ரெண்டு மாசத்துல பிடிச்சுக்கோங்க" என்று திருப்பித் தரும் வழியோடு கேட்டால் மறுப்பது குறைவு.

மளிகைக் கடை அக்கவுன்ட்: வட்டி இல்லை, ஆனால் எல்லை வேண்டும். "அண்ணாச்சி, 7-ம் தேதி சம்பளம் வந்துரும். அதுவரைக்கும் 500 ரூபாய்க்கு மேல போகாம எழுதிக்கோங்க. 8-ம் தேதி நானே வந்து முடிச்சிருதேன்." இப்படிச் சொல்லிவிட்டு, சொன்னபடி போய்க் கட்டுங்கள்.

மகளிர் சுயஉதவிக் குழுவின் உள்கடன்: மாதம் 1 சதவீத வட்டி என்றால் 5,000-க்கு 50 ரூபாய். அந்த வட்டியும் உங்கள் குழுவின் சேமிப்பிலேயே சேரும்.

பேங்கில் நகைக் கடன்: ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 50 ரூபாய், மதிப்பீட்டுக் கட்டணம் தனி. ஆனால் ஒன்று. 5,000-க்குப் போனவரிடம் "இந்த நகைக்கு 40,000 வரும், எடுத்துக்கோங்க" என்பார்கள். தேவைக்கு மேல் ஒரு ரூபாய்கூட எடுக்காதீர்கள்.

கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுப்பது: எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். மாதம் 3.5 சதவீதம் என்றால் 175 ரூபாய், அதோடு எடுத்ததற்கான கட்டணம் சில நூறு.

தண்டல்: வழக்கமான கணக்கு இது. 5,000 என்று எழுதுவார்கள், கையில் 4,250 தருவார்கள். தினமும் 50 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "750 ரூபாய்தானே" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டே வருவதால் உண்மையான வட்டி மிக அதிகம். இன்னொன்றையும் பாருங்கள். நம் உதாரணக் குடும்பத்தின் ஒரு நாள் பட்ஜெட் 260. அதில் 50 ரூபாய் ஏப்ரல் முதல் வாரம் வரை தினமும் போகும். கஷ்டம் 11 நாள், கடன் 100 நாள். பொங்கலுக்கு இன்னொரு தண்டல் எடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. காவல் நிலையத்திலோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ புகார் கொடுக்கலாம்.

லோன் ஆப்: '5 நிமிஷத்தில் பணம்' என்று வரும் விளம்பரத்தைத் தொடும் முன் 3 விஷயம் பாருங்கள். ஒன்று, கடன் தரும் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் தெளிவாக இருக்கிறதா? ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் டிஜிட்டல் கடன் செயலிகளின் பட்டியலை 2025 ஜூலை முதல் வைத்திருக்கிறது. அதில் பெயர் இல்லையென்றால் விலகிவிடுங்கள். இரண்டு, ஆண்டுக்கு மொத்தம் எத்தனை சதவீதம் செலவாகும் என்று சொல்லும் விவரத் தாளைத் தருகிறார்களா? மூன்று, உங்கள் போனில் உள்ள கான்டாக்ட், போட்டோவைப் பார்க்க அனுமதி கேட்கிறார்களா? கேட்டாலே அது விதிமீறல். பின்னாளில் உங்கள் சொந்தக்காரர்களுக்கு போன் போட்டு அசிங்கப்படுத்த அதைத்தான் பயன்படுத்துவார்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யுங்கள்.

ஏற்கெனவே கடன் இருக்கு, வசூலுக்கு வர்றாங்க... என்ன செய்வது?

ஒளியாதீர்கள். இந்த வாரம் முழுத் தவணையும் முடியாது என்றால், எவ்வளவு முடியும், மீதி என்றைக்கு என்று தேதி சொல்லுங்கள். கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள்.

உங்களுக்கும் உரிமை இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி வங்கி, நிதி நிறுவனங்களின் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது. மகளிர் குழுக்களுக்குத் தரும் மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் என்றால் காலை 9 முதல் மாலை 6 வரை மட்டும்தான். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும் அளவுக்கு மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் தரவே கூடாது என்பதும் 2022 முதல் விதி. மிரட்டினாலோ, தெருவில் நின்று சத்தம் போட்டாலோ முதலில் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர் இருக்கிறார். வழிமுறை கேட்க 14448.

கடனால் ஒரு குடும்பமே உயிரை இழந்ததை 2017-ல் நெல்லை பார்த்தது. எந்தக் கடனும் உயிரைவிடப் பெரிது கிடையாது. மனசு ரொம்பக் கனமாக இருந்தால் 104 அல்லது 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம்.

வீட்டில் எல்லோருக்கும் தெரியணும்

பல வீடுகளில் கணக்கு ஒருவர் தலையில்தான் இருக்கும், பெரும்பாலும் அம்மா தலையில். கையில் பணம் இல்லை என்பதைச் சொல்லாமல், தன் சாப்பாட்டைக் குறைத்துச் சமாளிப்பவர்களும் அவர்கள்தான். அது வேண்டாம். அந்த 260 ரூபாய் கணக்கைப் பேப்பரில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவிலோ அலமாரியிலோ ஒட்டுங்கள். கணவரும் பார்க்கட்டும், பிள்ளைகளும் பார்க்கட்டும்.

பிள்ளைகளிடம் "காசே இல்லை" என்று பயமுறுத்த வேண்டாம். "7-ம் தேதி வரைக்கும் இவ்வளவுதான், அதுக்குள்ள என்ன பண்ணலாம், நீயே சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட இந்தக் கணக்கு புரியும். குழந்தைக்கு வந்த அன்பளிப்புப் பணத்தை எடுத்தால், சொல்லிவிட்டு எடுங்கள், சம்பளம் வந்ததும் திருப்பி வையுங்கள்.

7-ம் தேதி சம்பளம் வந்ததும்...

இங்கேதான் பலர் சறுக்குவார்கள். 11 நாள் அடக்கி வைத்த கை, சம்பளம் வந்த அன்றே அவிழ்ந்துவிடும். அடுத்த வாரமே பொங்கல். பல தனியார் பள்ளிகளில் மூன்றாம் பருவக் கட்டணமும் இந்த மாதம்தான்.

அதனால் முதல் நாள் செய்ய வேண்டியது இந்த வரிசையில்: அண்ணாச்சி கடை பாக்கி, வாடகை, கைமாற்று வாங்கியது, பள்ளிக் கட்டணம். இவை போக மீதியை மாதத்தின் நாட்களால் வகுத்து, பழைய மாதிரியே ஒரு நாள் எண்ணைக் கண்டுபிடியுங்கள். மகளிர் உரிமைத் தொகை வாங்குபவர்கள், அது 15-ம் தேதியையொட்டி வருகிற பணம் என்பதால் முன்கூட்டியே செலவில் எழுத வேண்டாம்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு இப்பவே

இந்த வருஷப் பண்டிகைக்கு மொத்தம் எவ்வளவு ஆச்சு என்று, ஞாபகம் இருக்கும்போதே எழுதி வையுங்கள். 11,000 ரூபாய் என்றால், ஜனவரி முதல் நவம்பர் வரை மாதம் 1,000. பேங்கில் 11 மாத ஆர்.டி போட்டால் டிசம்பரில் கைக்கு வரும், கொஞ்சம் வட்டியோடு. அஞ்சலக ஆர்.டி 5 ஆண்டு என்பதால் இந்தத் தேவைக்கு ஒத்துவராது.

'கிறிஸ்துமஸ் சீட்டு', 'தீபாவளி சீட்டு' என்று தெருவில் பிடிப்பவர்களிடம் கட்டும் முன், பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். பாத்திரம், நகை, பலகாரப் பெட்டி எல்லாம் தருகிறேன் என்றால் இன்னும் இரண்டு தடவை கேளுங்கள். நடத்துபவர் தலைமறைவானால் பதிவில்லாத சீட்டில் பணத்தை மீட்பது பெரும்பாடு.

சுருக்கமா சொல்லணும்னா...

கையில் இருப்பதை எண்ணுங்கள். தள்ள முடியாததை முதலில் ஒதுக்குங்கள். மீதியை நாட்களால் வகுங்கள். இரண்டு மாத ரேஷனையும் விடாதீர்கள். மாத்திரை, பிள்ளைகளின் பால், முட்டையில் கை வைக்காதீர்கள். கடன் தேவைப்பட்டால் வட்டியில்லாத இடத்தில் முதலில் கேளுங்கள், தண்டலையும் தெரியாத ஆப்பையும் தொடாதீர்கள்.

ஸ்டாரைக் கழற்றிப் பத்திரமாகப் பரணில் போடுங்கள். அடுத்த வருஷம் அதை எடுக்கும்போது, இந்த வருஷக் கடன் மிச்சம் இருக்கக் கூடாது.